‘நார்வேஜியன்’ என்றால் யார், எது?

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுவர் பயணநூலின் மொழிபெயர்ப்பு மெய்ப்புப் பார்க்க என் மேசைக்கு வந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘அந்த நார்வேஜியன் எங்களிடம் நார்வேஜியனில் பேசினார், நார்வேஜியனில் வந்து இறங்கிய களைப்பில் எங்களுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.’

முதல் நார்வேஜியன் ஓர் ஆள். இரண்டாவது ஒரு மொழி. மூன்றாவது ஒரு விமான நிறுவனம். மொழிபெயர்த்தவர் கவனக்குறைவானவர் அல்லர். மூலத்தில் மூன்று இடத்திலும் அதே சொல்தான் இருந்தது, அவரும் அப்படியே இறக்கிவிட்டார். இரண்டு பக்கம் தள்ளி அதே சொல் நான்காவது முறையாக வந்தது: வடக்கே பனிவெளியில் கலைமான் மேய்க்கும் ஒரு முதியவரைச் சுட்டி. அந்த இடத்தில்தான் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்கினேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் தமிழில் இந்தச் சொல் படும் பாட்டைப் பார்த்துவிடலாம். ‘நார்வேஜியன்’ என்று எழுதியதும் தமிழ்க் காதுக்கு அது ஓர் ஆண் போலக் கேட்கிறது. அவன், தலைவன், நண்பன் என்று ‘அன்’ விகுதி நமக்கு ஆண்பால் ஒருமை. ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலி தற்செயலாக அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ‘நார்வேஜியன் பெண்’ என்று எழுதினால் இடறுகிறது, ‘நார்வேஜியன் கற்கிறேன்’ என்றால் யாரையோ கற்பது போல இருக்கிறது. ‘இந்தியன்’, ‘ரஷ்யன்’ ஆகியவற்றுக்கும் இதே சிக்கல்தான். பன்மைக்குப் போனால் ‘அன்’ கழன்று ‘நார்வேஜியர்’ என்று ஆகிவிடுவதைக் கவனியுங்கள். நம் இலக்கணம் அந்த வேற்றுமொழி ஒலியைத் தன் விகுதியாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னொரு கேள்வியும் பலருக்கு வரும். நாட்டின் பெயர் நார்வே. அப்படியானால் நடுவில் இந்த ‘ஜி’ எங்கிருந்து வந்தது?

அது லத்தீன் தந்தது. நாட்டின் பெயர் வட ஐரோப்பிய மொழிகளில் ‘வடக்கு வழி’ என்ற பொருளில் பிறந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்நாட்டின் மேற்குக் கரையை ஒட்டி, தீவுகளுக்கு உள்ளே பாதுகாப்பாக வடக்கே போகும் நீண்ட கடல்வழி அது. வழியின் பெயரே நிலத்தின் பெயராயிற்று. ‘வழி’ என்ற பாகத்தின் கடைசியில் அந்தக் காலத்தில் ஒரு ‘க்’ ஒலி இருந்தது. அன்றாட ஆங்கிலத்தில் அந்த ‘க்’ தேய்ந்து ‘வே’ ஆனது. இடைக்கால லத்தீன் எழுத்தர்கள் அதைத் தேயவிடாமல் ‘நோர்வேகியா’ என்று எழுதினார்கள். நாட்டின் பெயரை மக்கள் வாயிலிருந்தும் அடைமொழியைப் படித்தவர்களின் லத்தீனிலிருந்தும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. நார்வே, நார்வேஜியன் என்று ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். இந்த வடிவம் ஆங்கிலேயருக்கு மிகவும் பிடித்துப்போய், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தாரைக் ‘கிளாஸ்வீஜியன்’ என்று இதையே பார்த்து வார்த்துக்கொண்டார்கள்.

நார்வேக்காரர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு உதவியாக இருந்தது. ஆங்கிலம் ஒரே சொல்லில் கட்டிவைத்ததை அவர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

நாட்டுக்கு ‘நொர்கெ’. மொழிக்கும் அடைமொழிக்கும் ‘நொர்ஸ்க்’. ஆளுக்கு ‘நூர்மன்’. எழுத்தில் பார்த்தால் கடைசிச் சொல் ‘நோர்ட்மான்’ என்று படிக்கும்படி இருக்கும். ஆனால் அதன் ‘ஓ’வை ஊகாரமாக ஒலித்து, நடுவில் உள்ள ‘ட்’ ஒலியை விழுங்கிவிடுவார்கள். வடக்கு என்பதற்கு அவர்கள் சொல் ‘நூர்’. வடக்கு மனிதர், அவ்வளவுதான். இதில் ‘மன்’ என்பது ஆண் என்ற பொருளும் உடையது. ஆனாலும் பெண்ணையும் ‘நூர்மன்’ என்றே சொல்வது வழக்கம். நம் ‘அன்’ சிக்கலுக்கு ஓர் அக்காள் அங்கேயும் இருக்கிறாள்.

‘நொர்ஸ்க்’ என்ற சொல்லையே ஒஸ்லோவில் கேட்டால் ‘நொஷ்க்’ என்று காதில் விழும். கிழக்கு நார்வேயில் ‘ர்’ஐயும் ‘ஸ்’ஐயும் சேர்த்து நாக்கை மடக்கி ஒரே ஒலியாகச் சொல்வார்கள். மேற்குக் கரையில் பெர்கன் நகரத்தில் ‘ர்’ தொண்டையிலிருந்து வரும், அங்கே ‘ஸ்’ தனியாகவே கேட்கும். தங்கள் மொழியின் பெயரையே ஊருக்கு ஒரு விதமாக ஒலிக்கும் மக்கள் அவர்கள். இது குறையல்ல. அந்த மொழியின் இயல்பே இதில்தான் இருக்கிறது.

மொழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘நார்வேஜிய மொழி’ என்று நாம் ஒருமையில் சொன்னாலும், அதற்கு அரசு ஏற்ற எழுத்துவடிவங்கள் இரண்டு: பூக்மோல், நீநொர்ஸ்க். முதலாவதன் பொருள் நூல்மொழி. இரண்டாவது, புதிய நார்வேஜியம். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே பள்ளியில், ஒரே நாளிதழின் அடுத்தடுத்த பக்கங்களில் வரக்கூடியவை.

இது எப்படி வந்தது? 1380இல் நார்வேயும் டென்மார்க்கும் ஒரே மன்னரின் கீழ் வந்தன. அதற்கு முந்தைய தலைமுறையில்தான் 1349இல் வந்த கொள்ளைநோய் நார்வே மக்களில் பெரும்பகுதியை, எழுதப் படிக்கத் தெரிந்த பாதிரிமாரையும் சேர்த்து, வாரிக்கொண்டு போயிருந்தது. மெல்ல மெல்ல எழுத்து டேனிஷ் ஆயிற்று. சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பைபிளும் டேனிஷில் வந்தது. பல தலைமுறைகளாக மக்கள் வீட்டில் ஒன்று பேசி, தேவாலயத்திலும் அரசு அலுவலகத்திலும் இன்னொன்றைப் படித்தார்கள். 1814இல் டென்மார்க்கிடமிருந்து பிரிந்து, அந்த ஆண்டு மே 17 அன்று எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறியபோது, நாடு கையில் இருந்தது, தனக்கென ஓர் எழுத்துமொழி இல்லை. அந்த ஆண்டே ஸ்வீடனுடன் இன்னொரு கூட்டரசுக்குள் போக நேர்ந்தது, அது 1905 வரை நீடித்தது.

அந்தக் காலத்தில் இரண்டு பேர் இரண்டு வழி சொன்னார்கள். குனூட் குனூட்சன் என்ற ஆசிரியர், எழுதிக்கொண்டிருக்கும் டேனிஷையே படிப்படியாக நகரத்து நார்வேப் பேச்சுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம் என்றார். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்றைய பூக்மோல். ஈவார் ஓசன் என்பவர் வேறு விதமாக நினைத்தார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர். 1813இல் மேற்குக் கரைப் பகுதியில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர், பெரும்பாலும் தாமாகவே படித்தவர். 1842 முதல் 1846 வரை ஊர் ஊராகப் போனார். பண்ணை வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து, இதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள், இந்த வினை இறந்தகாலத்தில் எப்படி வரும் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். 1848இல் ஓர் இலக்கணம் வந்தது. 1850இல் ஏறத்தாழ 25,000 சொற்கள் கொண்ட அகராதி வந்தது. படிப்பறிவில்லாதவர் பேச்சு என்று ஒதுக்கப்பட்டிருந்த வட்டார வழக்குகளுக்குள் ஒரு பொது இலக்கணம் ஒளிந்திருக்கிறது, அது பழைய மொழியின் நேர் வாரிசு என்று காட்டினார். அதுதான் நீநொர்ஸ்க்கின் அடித்தளம்.

1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம உரிமை தந்தது. இன்றைய பெயர்கள் 1929இல் வந்தன. இரண்டையும் சிறிது சிறிதாக நெருக்கி ஒன்றாக்கிவிட வேண்டும் என்று அரசு இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டு முயன்றது, மக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 2002இல் அந்த முயற்சி முறைப்படி கைவிடப்பட்டது.

வேறுபாடு எவ்வளவு? ‘நான் நார்வேயிலிருந்து வருகிறேன்’ என்பது பூக்மோலில் ‘யெய் கொம்மர் ஃப்ரா நொர்கெ’. நீநொர்ஸ்க்கில் ‘ஏக் ஹ்யெம் ஃப்ரோ நோரெக்’. நான்கு சொற்களும் மாறியிருக்கின்றன, நாட்டின் பெயர் உட்பட. ஆனாலும் ஒன்று தெரிந்தவருக்கு மற்றது விளங்கும். அந்த நாட்டுத் தபால்தலைகளைச் சேர்த்துவைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள்: சிலவற்றில் நொர்கெ என்றும் சிலவற்றில் நோரெக் என்றும் அச்சாகியிருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துவிடக்கூடாது.

பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் நீநொர்ஸ்க்கை முதன்மை எழுத்தாகக் கொண்டவர்கள். ஆனால் மற்றவர்களும் அதைக் கற்க வேண்டும். நீநொர்ஸ்க்கில் கடிதம் எழுதினால் அரசு அலுவலகம் நீநொர்ஸ்க்கிலேயே பதில் எழுத வேண்டும். 2023இல் இலக்கிய நோபல் பெற்ற யூன் ஃபோஸ்ஸே எழுதுவது இந்தச் சிறுபான்மை வடிவத்தில்தான். ஆக, அவர் ‘நார்வேஜிய மொழியில் எழுதுகிறார்’ என்று நம் செய்திகள் சொன்னது சரியானது. ஆனால் அங்குள்ளோர் முதலில் கவனித்த செய்தி, அதிலும் எது என்பதே.

இரண்டும் எழுத்துவடிவங்கள் மட்டுமே. யாரும் ‘பூக்மோல் பேசுகிறேன்’ என்று பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். பேசுவது அவரவர் ஊர் வழக்கு. இங்கேதான் தமிழரான நமக்கு வியப்பு வரும். மேடை ஏறினால், தொலைக்காட்சியில் செய்தி சொன்னால், சட்டமன்றத்தில் எழுந்தால் நாம் பேச்சை மாற்றிக்கொள்கிறோம். நார்வேயில் அமைச்சரும் பேராசிரியரும் நாடாளுமன்றத்தில்கூடத் தம் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார்கள், யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. ‘நான்’ என்ற ஒரே சொல் ஒஸ்லோவில் ‘யெய்’, பெர்கனில் ‘ஏக்’. துரோன்ஹெய்மிலும் துரோம்ஸோவிலும் ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் ஓர் உயிரொலி, அவ்வளவே. அந்த ஒற்றை ஒலியிலேயே ஒருவர் எந்தத் திசைக்காரர் என்று தெரிந்துபோகும்.

மொழி கற்கத் தொடங்குபவர்களுக்கு இன்னொன்று. இந்த மொழியில் சுருதி பொருளை மாற்றும். உழவர்கள் என்பதற்கும் பயறு என்பதற்கும் உரிய சொற்கள் பல வழக்குகளில் ஒலியளவில் ஒன்றே, ஏற்ற இறக்கம் மட்டுமே வேறு. பாடுவது போலப் பேசுகிறார்கள் என்று வெளியூரார் சொல்வது இதனால்தான்.

இனி ஆளுக்கு வருவோம். ‘அவர் ஒரு நார்வேஜியன்’ என்று சொல்லும்போது நாம் உண்மையில் மூன்றில் ஒன்றைச் சொல்கிறோம். அவர் நார்வேக் குடியுரிமை உடையவர். அல்லது நார்வேயில் வாழ்பவர். அல்லது அவருடைய முன்னோர் நார்வேயிலிருந்து வந்தவர்கள். ஒருவரிடம் மூன்றும் சேர்ந்திருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம்.

முன்னோர் வழிப் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்கா. 1825இல் ‘ரெஸ்டாராசியோன்’ என்ற சிறு கப்பல் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 52 பேருடன் புறப்பட்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அடுத்த நூறாண்டில் சுமார் எட்டு லட்சம் பேர் அந்தத் தடத்தில் போனார்கள். இன்று அந்த நாட்டின் மக்கள்தொகையே 55 லட்சத்தைச் சற்றுத் தாண்டியது என்றால் எவ்வளவு பெரிய போக்கு அது என்று தெரியும். மினசோட்டா, விஸ்கான்சின் பகுதிகளில் ‘நான் நார்வேஜியன்’ என்று ஒருவர் சொன்னால், கொள்ளுத்தாத்தாவின் ஊரைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு மொழி தெரியாமல் இருக்கலாம், நார்வேக் கடவுச்சீட்டும் இருக்காது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நம்மவர் கதை இருக்கிறது. யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நார்வேக்குப் போய்ச் சேர்ந்தார், அங்கு குடியேறிய முதல் தமிழர் என்று அறியப்படுகிறார். 1967இல் அவர் முன்னின்று தொடங்கிய மீன்பிடித் தொழில் அமைப்புக்குப் பெயர் ‘சீநோர்’. சிலோனின் ‘சீ’, நார்வேயின் ‘நோர்’. குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகுத் துறை என்று அது வளர்ந்தது. வடக்கு என்று பொருள்படும் அந்தத் துண்டு ‘நோர்’ இலங்கையின் வடக்கில் வந்து ஒட்டிக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறையும். அவருக்குப் பின்னால் படிக்கவும், போர்க்காலத்தில் அடைக்கலம் தேடியும் பல ஆயிரம் பேர் போனார்கள். வடகோடி ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளில் நின்று உழைத்தவர்கள் அவர்களில் பலர். யாழ்ப்பாணத்தில் 1988இல் பிறந்து மூன்று வயதில் நார்வே சென்ற கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் சென்றார். அவரை எந்தச் சொல்லால் குறிப்பது? தமிழர், நார்வேஜியர், இரண்டும் சரி. ஒன்றைச் சொல்வதால் மற்றது குறையாது.

நார்வேயிலேயே இந்தக் கேள்வி சும்மா இருக்கவில்லை. ‘நூர்மன்’ என்ற சொல் வம்சத்தைச் சொல்கிறதா, குடியுரிமையைச் சொல்கிறதா என்று பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. 2016 செப்டம்பர் 1 அன்று ஒஸ்லோ அரண்மனைத் தோட்டத்தில் மன்னர் ஐந்தாம் ஹரால்ட் ஆற்றிய உரை அந்த வாதத்துக்குள் வந்து விழுந்தது. நார்வேஜியர் என்போர் யார் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வட நார்வேயிலிருந்தும் தென் நார்வேயிலிருந்தும் வந்தவர்கள், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், போலந்து, ஸ்வீடன், சோமாலியா, சிரியாவிலிருந்து குடிவந்தவர்கள் என்று அடுக்கி, என் தாத்தா பாட்டியும் 110 ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடிவந்தவர்களே என்றார். அது உண்மை. 1905இல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்தபோது நார்வேக்கு மன்னர் தேவைப்பட்டார், டென்மார்க் இளவரசர் கார்ல் வந்து ஏழாம் ஹாகோன் ஆனார், அவர் மனைவி மாட் இங்கிலாந்து இளவரசி. நாட்டின் மன்னர் குலமே இரண்டு தலைமுறைக்கு முன் வெளியிலிருந்து வந்தது. வம்சத்தை வைத்து வரையறுத்தால் மன்னரே வெளியே நிற்க நேரும்.

அடுத்து, நார்வேயின் பெயரைச் சுமந்துகொண்டு அந்த நாட்டோடு அதிகம் தொடர்பில்லாமல் திரியும் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் சாக்கடைகளிலும் துறைமுகக் கிடங்குகளிலும் ஓடும் பழுப்பு எலிக்கு அறிவியல் பெயர் ‘ராட்டஸ் நோர்வெகிகஸ்’, நார்வே எலி. 1769இல் ஜான் பெர்கன்ஹவுட் என்ற ஆங்கிலேயர் இந்தப் பெயரைச் சூட்டினார், அது நார்வேக் கப்பல்களில் இங்கிலாந்துக்கு வந்தது என்று நம்பி. அதன் தாயகம் வட சீனம், மங்கோலியப் பகுதி. தவறு தெரிந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. உயிரியல் பெயரிடலில் முதலில் முறைப்படி வைத்த பெயருக்கே முன்னுரிமை. ஆய்வகங்களில் வளர்க்கும் வெள்ளை எலியும் இந்த இனம்தான், ஆகவே மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் நார்வேயின் பெயர் நாள்தோறும் அச்சாகிறது.

தோல் மருத்துவத்தில் ‘நார்வேஜியன் சிரங்கு’ என்று ஒன்று உண்டு. சொறிசிரங்கின் மிகக் கடுமையான வடிவம், தோல் தடித்துப் பொருக்கு கட்டும். 1848இல் டேனியல்சன், பூக் என்ற இரண்டு நார்வே மருத்துவர்கள் தொழுநோயாளிகளிடம் இதைக் கண்டு விவரித்ததால் வந்த பெயர். நோய் அந்த நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. நுணுகிப் பார்த்து எழுதியவர்களின் நாடு, நோயைச் சுமக்கும் நாடாகப் பெயரளவில் மாறிப்போனது நியாயமில்லை. இப்போது மருத்துவர்கள் ‘பொருக்குச் சிரங்கு’ என்ற பொருளுடைய பெயருக்கு மாறிவருவது நல்லது. அதே டேனியல்சனின் மருமகன்தான் பெர்கனில் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த ஆர்மாவர் ஹான்சன்.

‘நார்வே ஸ்புரூஸ்’ ஐரோப்பா நெடுக வளரும் ஊசியிலை மரம். ஒஸ்லோ நகரம் 1947 முதல் ஆண்டுதோறும் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அனுப்பும் கிறிஸ்துமஸ் மரம் இந்த வகை, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக. ‘நார்வே காட்டுப்பூனை’ மட்டும் பெயருக்கு நேர்மையானது: அடர்ந்த ரோமமும் புசுபுசு வாலும் கொண்ட அந்தப் பூனை உண்மையில் அந்நாட்டுப் பண்ணைகளிலும் காடுகளிலும் வளர்ந்தது.

நிறுவனங்களில் இரண்டைக் குழப்பிக்கொள்வார்கள். ‘நார்வேஜியன்’ என்று தனியாகச் சொன்னால் பெரும்பாலும் 1993இல் தொடங்கி, 2002 முதல் குறைந்த கட்டணத்தில் பறக்கும் நார்வே விமான நிறுவனம். வாலில் பெரியோர் உருவப்படங்கள் வரைந்த விமானங்கள் அதனுடையவை. ‘நார்வேஜியன் குரூஸ் லைன்’ வேறு. 1966இல் ஒரு நார்வேக் கப்பல் குடும்பத்தாரின் பங்குடன் கரீபியக் கடல் பயணங்களுக்காகப் பிறந்தது, தலைமையகம் அமெரிக்காவின் மியாமி. பெயரைப் பார்த்து நார்வே அரசுடையது என்று எண்ணக்கூடாது.

அமைதிக்கான நோபல் பரிசு பற்றி எழுதும்போது எதிர்ப்புறமாகத் தவறு நேர்கிறது. அதைத் தருவது ஸ்வீடன் அமைப்பு அல்ல, நார்வே நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட நார்வே நோபல் குழு. 1895இல் நோபல் எழுதிய உயிலில் அப்படித்தான் இருக்கிறது. இங்கே நார்வே என்ற அடைமொழி கட்டாயம் தேவை.

அண்டைச் சொற்களையும் ஒரு வரியில் பிரித்துக்கொள்ளலாம். ஸ்காண்டிநேவியா என்றால் நார்வே, ஸ்வீடன், டென்மார்க். நோர்டிக் என்றால் அவற்றோடு பின்லாந்தும் ஐஸ்லாந்தும். நார்ஸ் என்பது வைக்கிங் காலத்து மொழியையும் மக்களையும் குறிக்கும் பழஞ்சொல், அதில் டேனியரும் ஸ்வீடியரும் அடக்கம். ‘நார்ஸ் கடவுள் தோர்’ என்பதை ‘நார்வேக் கடவுள்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் சுருங்கிவிடும். பிரான்சின் நார்மண்டிக்குப் பெயர் தந்த நார்மன்களும் ‘வடக்கு மனிதர்’களே, ஆனால் அவர்களை நார்வேஜியர் என்று எழுத முடியாது.

தமிழில் எப்படி எழுதலாம்? நான் இப்போது பின்பற்றுவதைச் சொல்கிறேன். அடைமொழி வரும் இடத்தில் ‘ஜியன்’ தேவையே இல்லை: நார்வே அரசு, நார்வே மீன், நார்வேக் கடல். நாட்டின் பெயரை அப்படியே முன்னால் நிறுத்தினால் தமிழில் அடைமொழி வேலையை அது செய்துவிடும். ஆளுக்கு நார்வேக்காரர், நார்வே நாட்டவர் அல்லது நார்வேஜியர். மொழிக்கு நார்வேஜிய மொழி. நிறுவனப் பெயருக்கு மட்டும் ‘நார்வேஜியன்’, கூடவே விமானம் என்றோ கப்பல் என்றோ ஒரு சொல். ஈழத்து வழக்கில் ‘நோர்வே’ என்று எழுதுவார்கள், அந்நாட்டார் ஒலிக்கு அதுவே நெருக்கம். ஈழத்தவர் நூலுக்கு மெய்ப்புப் பார்க்கும்போது அதை ‘நார்வே’ என்று மாற்ற நான் துணிவதில்லை.

அந்த முதியவரை விட்டுவிடவில்லை.

நூலில் அவர் இருந்த ஊர் கௌடொகெய்னோ. வடகோடியில், ஃபின்மார்க்கில். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் சாமி என்னும் பழங்குடி மக்கள். கலைமான் மேய்ப்பு அவர்களின் தொழில்மரபு. சாமி மொழி நார்வேஜிய மொழியின் கிளையோ வட்டார வழக்கோ அல்ல. அது பின்லாந்தின் பின்னிய மொழிக்கு உறவு. நார்வேஜியமோ ஆங்கிலம், ஜெர்மன் இருக்கும் குடும்பம். ‘நார்வேஜியர் என்போர் வேறு, சாமிகள் வேறு’ என்ற உணர்வும் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒட்டார் என்ற வடநாட்டுத் தலைவர் இங்கிலாந்து மன்னர் ஆல்ஃபிரட்டிடம் போய், எல்லா வடக்கு மனிதர்களிலும் ஆக வடக்கே வாழ்பவன் நான் என்றார். அவர் சொன்னதை ஆங்கிலேயர் எழுதிவைத்தார்கள். ‘நூர்மன்’ என்ற சொல்லின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. அதே குறிப்பில் தனக்குத் தோலும் இறகும் கப்பல் கயிறும் திறையாகக் கட்டும் அயலாரை ‘ஃபின்’ என்று வேறு பெயரால் சொல்கிறார். அவர்கள்தாம் சாமிகள்.

ஆயிரம் ஆண்டு கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், நார்வே அரசு அந்த வேறுபாட்டை அழிக்கப் புறப்பட்டது. அதற்கு அவர்கள் மொழியில் பெயர் ‘ஃபொர்நொர்ஸ்கிங்’, நார்வேமயமாக்கல். அடைமொழி வினையாகிவிட்டது. சாமிப் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழி பேசக்கூடாது. 1902ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் கீழ், நார்வேஜிய மொழி பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்து அதையே நாளும் புழங்குபவருக்குத்தான் ஃபின்மார்க்கில் அரசு நிலம் விற்கப்படும். தாய்மொழியை மறைத்த பெற்றோர், அதை அறியாமலே வளர்ந்த பிள்ளைகள் என்று பல தலைமுறை போயிற்று. 1989இல் சாமி நாடாளுமன்றம் தொடங்கியது. உண்மை அறியும் ஆணையம் 2023இல் அறிக்கை தந்தது. 2024 நவம்பரில் நார்வே நாடாளுமன்றம் சாமிகளிடமும், அதே கொடுமைக்கு ஆளான குவென், காட்டு பின்னியர் ஆகிய சிறுபான்மையினரிடமும் மன்னிப்புக் கேட்டது.

அதே வினைச்சொல்லுக்கு இன்னொரு சாதுவான பயனும் உண்டு: பிறமொழிச் சொல்லைத் தங்கள் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றுவதையும் நார்வேமயமாக்கல் என்றே சொல்வார்கள். கார் ஓட்டுநரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைத் தலையில் வளையமிட்ட ‘ஏ’ (a) எழுத்தும் குறுக்குக் கோடிட்ட ‘ஓ’ (o) எழுத்துமாகத் தங்கள் வழியில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு சொல்லை அப்படிச் செய்யலாம். ஒரு சிறுவனைச் செய்யக்கூடாது.

அந்தப் பக்கத்தில் மொழிபெயர்ப்பு இப்படி இருந்தது: ‘முதிய நார்வேஜியன் தன் கலைமானை நார்வேஜியனில் அதட்டினார்.’ முதல் நார்வேஜியனை ‘முதியவர்’ என்று திருத்தினேன். குடியுரிமையால் அவரும் நார்வேக்காரர்தான், அதில் தவறில்லை. இரண்டாவது சொல்லின் மேல் கை வைக்கவில்லை. அதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு எழுதினேன்: ‘ஐயா, ஊர் கௌடொகெய்னோ என்று இருக்கிறது. இவர் மானிடம் பேசியது சாமி மொழியாக இருக்கலாம். மூல ஆசிரியரிடம் ஒரு முறை கேட்டுவிட முடியுமா?’